மணிக்கு எழுந்த ஊர்

தொம்மையார்துறைக் கித்தேரி தன் புருஷன் ரெமிஜியுசைக் கன்னத்தில் அறைந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறவனை அடிப்பது பாவம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அது நம் வீட்டுத் தூக்கம் இல்லை. சர்க்கார் அனுமதியோடு, கம்பெனி செலவில், ஐஸ் பிளாண்டுக்குள், கழுத்தளவு நீலத் தண்ணீரில் இரண்டு மாதம் தூங்குகிற தூக்கம். இடியே விழுந்தாலும் எழும்பக் கூடாது என்பது ஏற்பாடு. கித்தேரியின் கை இடியைவிட ஒரு பங்கு கூடுதல் என்பதைக் கம்பெனி யோசிக்கவில்லை. அவன் கண்ணைத் திறந்துவிட்டான்.

மீன் முட்டையிடும் பருவத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை இருப்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு மாதமும் ஆண்கள் கரையில் கிழிந்த வலை பொத்துவார்கள். பிறகு சீட்டாடுவார்கள். பிறகு சீட்டைப் பற்றிச் சண்டை போடுவார்கள். அதே இரண்டு மாதம் மீன் வரத்து இல்லாமல் ஐஸ் பிளாண்டும் சும்மா கிடக்கும். ஒரு பக்கம் சும்மா கிடக்கிற ஆள், மறுபக்கம் சும்மா கிடக்கிற குளிர். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று நீலத்துயில் என்கிற கம்பெனிக்குத் தோன்றியது. காதுக்குப் பின்னால் மிளகளவு ஒரு மின்சில்லைப் பதித்துத் தொட்டியில் இறக்கிவிட்டால் சோறு வேண்டாம், காப்பி வேண்டாம், பீடி வேண்டாம். வயசுகூட ஏறாது என்று விளம்பரம் செய்தார்கள். தாடி மட்டும் வளரும். அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை.

முதலில் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பேச வந்த அதிகாரியை ரெமிஜியுஸ்தான் படகுத்துறையிலிருந்து கடலுக்குள் தள்ளினான். அதிகாரிக்கு நீச்சல் தெரியாது என்று தெரிந்ததும் அவனே குதித்துத் தூக்கியும் வந்தான். அதோடு எதிர்ப்பு முடிந்தது. காதில் சில்லு இருந்தால்தான் படகின் எஞ்சின் ஓடும் என்று லைசென்சோடு கோத்துவிட்டார்கள். எஞ்சின் ஓடாத மீனவன் என்ன செய்வான்? முந்நூற்றுச் சொச்சம் பேரும் காதைக் கொடுத்தார்கள். இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது.

தூங்குகிறவர்களைத் துடைத்துவிடுகிற வேலை ஊர்ப் பெண்களுக்கே கிடைத்தது. வாளியும் துணியுமாக வரிசை வரிசையாகப் போய் முகம், கழுத்து, தோள் எல்லாம் துடைக்க வேண்டும். ஒரே ஒரு விதி. சொந்தப் புருஷனைத் துடைக்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரனைத் துடைக்கலாம், கொழுந்தனைத் துடைக்கலாம், பகைக்காரனைக்கூடத் துடைக்கலாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சொந்தப் புருஷன் என்றால் துடைக்கிறவளுக்கு அழுத்தம் கூடிவிடும், தோல் உரிந்துவிடும் என்று கம்பெனி பயப்படுவதாக ஊரில் பேச்சு. அதன்படி ரெமிஜியுசைத் துடைத்தவள் வியாகுலம். வியாகுலத்தின் புருஷன் கஸ்பாரைத் துடைத்தவள் கித்தேரி.

தடை முடிகிற அன்று காலையில் கம்பெனி மணி அடிக்கும். ஆண்கள் எழுவார்கள், தாடியை வழிப்பார்கள், கடலுக்குப் போவார்கள். போன ஆறு வருஷமாக இதிலே ஒரு அதிசயம் இருந்தது. எழுந்தவர்கள் சண்டை போடவில்லை.

தொம்மையார்துறையில் சண்டை இல்லை என்றால் அது சாதாரணச் செய்தி இல்லை. மாதா கோயில் கொடியை எந்தப் படகில் கட்டுவது என்று தொடங்கிய ஒரு தகராறு மூன்று பங்குச்சாமிமார்களின் காலம் வரைக்கும் ஓடிய ஊர் அது. இப்போதோ கமிட்டிக் கூட்டம் தொடங்கிய வேகத்தில் முடிந்தது. போலீஸ் அவுட்போஸ்டில் வேலை இல்லாமல் ஏட்டையா கத்தரிச்செடி வைத்தார். எதைக் கேட்டாலும் ஆண்கள் "சரி" என்றார்கள். கரையில் மீன் ஏலத்துக்கும் அதே கம்பெனி ஆள்தான் வந்து ஒரு விலை சொல்லுவான். "சரி." அடுத்த வருஷமும் தூங்கச் சம்மதமா என்று கேட்பான். "சரி." இது மாதா செய்த புதுமை என்று ஊர் முடிவு செய்தது. பங்குச்சாமி நன்றிப் பூசை வைத்தார், சப்பரம் இழுத்தார்கள், பெண்கள் தங்கள் உயரத்துக்கு மெழுகுதிரி வாங்கி ஏற்றினார்கள். கித்தேரியும் ஏற்றினாள். அவள் கொஞ்சம் குட்டை, திரியும் அப்படியே.

முதல் வருஷம் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது வருஷம் அலுத்தது. குழம்பில் காரம் கூடிப்போச்சோ என்று கேட்பாள். சரி என்பான். நான் என் அம்மை வீட்டுக்குப் போய் இனி வரவே மாட்டேன் என்பாள். சரி என்பான். மகள் ஜசிந்தா பிறந்தபோது கையில் கொடுத்துப் பொம்பளப்புள்ள என்றாள். அதற்கும் சரி. வெறும் கடலில் வலை இழுக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. பாரமே இல்லாத வலை கையை எவ்வளவு நோகடிக்கும் என்று இழுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் தடை முடியக் கொஞ்ச நாளிருக்கும்போது, பக்கத்து வீட்டிலிருக்கிற நாத்தனாரோடு சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று கித்தேரிக்குப் பெரிய வாக்குவாதம். தோற்றுப்போனாள். அந்த ஆத்திரத்தோடு வேலைக்குப் போனவள், வியாகுலத்திடம் இன்றைக்கு வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நேரே ரெமிஜியுசின் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். அவனிடம் முறையிட்டால் போதும், பதில்கூட வேண்டாம் என்று நினைத்துத்தான் போனாள். ஆனால் அவன் தூக்கத்தில் சிரித்துக்கொண்டு கிடந்தான். ஆறு வருஷத்துச் சரிகளும் அந்தச் சிரிப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"ஒம்ம தங்கச்சி என்னய நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கா, நீரு இளிச்சிக்கிட்டு கெடக்கீரு" என்று சொல்லி ஒன்று வைத்தாள்.

ரெமிஜியுஸ் கண்ணைத் திறந்தான். கன்னத்தைத் தடவினான். "ஏட்டி, எதுக்கு அடிச்ச?" என்றான்.

எதுக்கு. அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. கித்தேரி வாளியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டாள்.

அன்று மாலைக்குள் ஊரே வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனது, அம்மை போட்டவனைப் பார்க்கிற மாதிரி தள்ளி நின்று. அவன் முதலில் தங்கையோடு சண்டை போட்டான். பிறகு தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று பெண்டாட்டியோடு சண்டை போட்டான். வஞ்சிரம் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த விலைக்குச் சம்மதித்த முட்டாள் யார் என்றான். நீருதான் என்றார்கள். அப்புறம், இனிமேல் அந்தத் தொட்டியில் படுக்க மாட்டேன் என்று சொன்னான்.

சில்லு கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டது. மறுநாளே கோயம்புத்தூரிலிருந்து குழந்தைவேல் என்கிற கோளாறு பார்ப்பவர் வந்து இறங்கினார். முப்பது வயசிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பலகை மாதிரி ஒரு கருவி. அதில் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். வருகிற வரிசையில்தான் கேட்பார், தாண்ட மாட்டார்.

மின்சாரம் சரியாகப் போகிறதா என்பது முதல் கேள்வி. சாப்பிட்டாரா என்று அதற்கு அர்த்தம். சாப்பிட்டிருந்தான். திரையில் வெளிச்சம் வருகிறதா? கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், வந்தது. வெளியிலிருந்து இணைத்த சாதனங்களைக் கழற்றவும். ரெமிஜியுசின் கழுத்தில் தொங்கிய மாதா உத்தரியக் கயிற்றைக் கழற்றினார், அரைஞாணைக் கழற்றினார், ஒரு கட்டுப்பல் இருந்தது, அதையும் கழற்றினார். பல் இல்லாமலும் ரெமிஜியுஸ் மாட்டேன் என்றுதான் சொன்னான், கொஞ்சம் காற்றோடு. இன்னும் ஏதாவது சாதனம் இணைந்திருக்கிறதா என்று கருவி கேட்டது. குழந்தைவேல் சுற்றிலும் பார்த்தார்.

"அக்கா, நீங்க கொஞ்சம் அடுப்படிக்குப் போறீங்களா?" என்றார்.

கித்தேரி போனாள். அதிலும் குணம் தெரியவில்லை. ஒரு மணி நேரம் மறுபடி தூங்க வைத்து மணியடித்து எழுப்பிப் பார்க்கலாம் என்று அடுத்த யோசனை. ரெமிஜியுஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து துடுப்பை எடுத்ததால் அந்த யோசனையைத் தாண்ட வேண்டியதாயிற்று. வரிசையை மீறிக் குழந்தைவேல் ஒரு கேள்வியைத் தாண்டியது அவருடைய உத்தியோகத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

கடைசியில் அவர் அடுப்படிக்கே வந்து, தரையில் உட்கார்ந்து, கித்தேரி கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டு கேட்டார்.

"இவர எழுப்புனது எதுங்க? கருவியில தெரியாதுன்னு வருது."

கித்தேரி கையைக் காட்டினாள். "இதுதான்."

"பேசுனீங்களா?"

"பேசாம எப்படி அடிக்கது?"

குழந்தைவேல் தலையை ஆட்டினார். அவருக்கு ஒளிக்கத் தெரியவில்லை. ஒளிக்க வேண்டும் என்று யாரும் சொல்லியும் இல்லை. "அதானுங்க சங்கதி. மொதல்ல எது எழுப்புதோ, அதைப் பொறுத்துத்தான் உள்ள இருக்கறதெல்லாம் எந்திரிக்கும். தெரிஞ்ச கொரல் எழுப்புனா எல்லாமே எந்திரிச்சுருமுங்க. ஆனா ஆளு அடங்க ரெண்டு நாளாகும். அழுவாங்க, கத்துவாங்க. இத்தன பேருக்கு அப்படிப் பாத்தா கட்டுபடியாகாதுன்னு சீக்கிர விழிப்புன்னு ஒண்ணு வெச்சாங்க. மணியடிச்சா கை, காலு, கண்ணு, கடல்ல வழி தெரியறது, வேலைக்கு வேண்டியது மட்டும் எந்திரிக்கும். மத்ததெல்லாம் பொறவு தானா வந்துரும்னு நெனச்சாங்க."

"வரலியே."

"வரலீங்க. ஆனா ஒருத்தரும் புகார் சொல்லலையே."

"புகார் சொல்லுற பாகந்தான் எந்திரிக்கவே இல்லல்லா."

குழந்தைவேல் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் கோணத்தில் தலைமை அலுவலகத்தில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை என்றார். சொந்தப் புருஷனைத் துடைக்கக் கூடாது என்ற விதியும் அதற்காகத்தான். யாராவது ஒருத்தி பேச்சு வாக்கில் முழுசாக எழுப்பிவிடுவாள் என்று.

கித்தேரி ஏற்றிய மெழுகுதிரிகளை நினைத்துக்கொண்டாள். மாதா என்ன நினைத்திருப்பாள்? செய்யாத காரியத்துக்கு வந்த காணிக்கை.

பிறகு குழந்தைவேல் விஷயத்துக்கு வந்தார். கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட்டால் கருவி ஒரே ஒரு வைத்தியம்தான் சொல்லும். அணைத்துவிட்டு, ஆதி நிலையிலிருந்து தொடங்குவது. சில்லு பதித்த நாளில் இருந்த ரெமிஜியுஸ் அப்படியே எழுந்து வருவான். நடுவில் நடந்தது எதுவும் ஞாபகத்தில் இருக்காது. பெண்டாட்டி கட்டைவிரல் வைத்தால் போதும். சனிக்கிழமை மணியடிப்பதற்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோளாறுள்ள ஆள் என்று பதிவாகி, அவன் படகு எஞ்சின் இனி எப்போதுமே ஓடாது.

"அந்த ரெமிஜியுசு ஒங்க ஆபீசரக் கடல்ல தள்ளுனவரு" என்றாள் கித்தேரி. "முழிக்கும்போது நீ முன்னால நிப்பியா?"

"நிக்கோணுமுங்க, விதி" என்றார் குழந்தைவேல், வருத்தத்தோடு.

அவள் வாய் அப்படிப் பேசிவிட்டதே தவிர, கால் அடுப்படி வாசலுக்குப் போனது. எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் ரெமிஜியுஸ் ஜசிந்தாவை மடியில் வைத்திருந்தான். நாலு வயசுப் பெண்ணிடம், உனக்கு எந்த மீன் பிடிக்கும், இருட்டுக்குப் பயமா, இந்த முழங்காலில் தழும்பு எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான். இதுவரைக்கும் பிள்ளையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த மாதிரி இருக்கிறது, இப்போதுதான் கதவு திறந்திருக்கிறது என்று முந்தின நாள் கித்தேரியிடம் சொல்லியிருந்தான். ஆதி நிலைக்குப் போனால் இந்தப் பிள்ளை யாருடையது என்று கேட்பான். படகா, பிள்ளையின் தகப்பனா? இரண்டில் ஒன்றுக்குத்தான் அவள் கட்டைவிரல் வைக்க முடியும்.

கித்தேரி அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "இந்தக் கோளாறு எல்லாருக்கும் வந்தா ஒங்க கருவி என்ன சொல்லும்?" என்று கேட்டாள்.

குழந்தைவேல் யோசித்தார். கருவிக்குத் தனியாக நல்லது கெட்டது தெரியாது, ஒரு ஆளைப் பக்கத்து ஆளோடு ஒத்துப் பார்த்துத்தான் கோளாறு என்று சொல்லும் என்றார். "ஒருத்தருக்கு வந்தாத்தானுங்க கோளாறு. எல்லாத்துக்கும் வந்தா அது புது வெர்ஷன்."

அடுத்த நாள் குழாயடியில் கித்தேரி பெண்களைக் கூட்டினாள். விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் கொதித்து எழுவார்கள் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குடத்தை நிமிர்த்தாமல் நின்றார்கள். குடிக்காத புருஷன், கை நீட்டாத புருஷன், சம்பாதித்ததைக் கொண்டுவந்து கொடுக்கிற புருஷன். ஆறு வருஷமாக அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. சூசையின் பெண்டாட்டி மரியபுஷ்பந்தான் வாய் திறந்தாள்.

"கித்தேரி, ஒனக்கு ரெமிஜி அண்ணன் சண்டைதான் போட்டாரு. எங்க வீட்டுக்காரரு என்ன செஞ்சாருன்னு இந்த ஊருக்கே தெரியும். அந்தாளு இந்த ஆறு வருசமாத்தான் குடிக்காம இருக்காரு. அவர முழுசா எழுப்பி நான் எங்கன கொண்டு வைக்க?"

கித்தேரி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். குடிக்காமல் இருப்பது சூசை இல்லை. சூசை இன்னும் தொட்டியில்தான் கிடக்கிறான், வீட்டுக்கு வந்து போவது அவன் சட்டை. கெட்டவனாக இருந்தாலும் சண்டை போடவாவது எதிரில் ஒரு ஆள் வேண்டாமா? தன் வீட்டுக்காரரின் ஞாபகத்தை அழிக்கத் தான் விடப்போவதில்லை, படகு போனாலும் போகட்டும். விருப்பப்பட்டவர்கள் சனிக்கிழமை மணிக்கு முன்னால் சொந்தப் புருஷனைப் பேசி எழுப்ப வரலாம்.

வியாகுலத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கஸ்பார் ஒரு காலத்தில் வியாகுலத்தின் இடது கையை ஒடித்தவன். அது இன்றும் முழுசாக நிமிராது. அவளைப் போய் எப்படிக் கேட்பது?

சனிக்கிழமை விடிந்தது. கடைசித் துடைப்புக்காகப் பெண்கள் வாளியோடு ஐஸ் பிளாண்டுக்குள் போனார்கள். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று கித்தேரிக்கு நிச்சயமில்லை. பார்த்தால், ஒவ்வொருத்தியும் பேசாமல் தன் தன் புருஷன் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள். மரியபுஷ்பம்கூட. கல்யாணமாகாத பையன்களுக்கு அம்மைமாரோ அக்காமாரோ வந்திருந்தார்கள்.

மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் குழந்தைவேல் நின்றிருந்தார். வரிசை மாறியிருக்கிறதே, இது விதிக்கு விரோதம் என்றார். மணியடிக்க இன்னும் நேரம் இருக்கிறது, வெளியே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வா என்றாள் கித்தேரி. "சரிங்க" என்று உடனே திரும்பினார். அந்தச் சரியில் ஏதோ இடித்தது அவளுக்கு.

"தம்பி, ஒன்ன யாரு எழுப்புதா?"

"எங்களயுங்களா? வேலையில்லாத மாசத்துல எங்களயும் படுக்க வெச்சுருவாங்க. மணிதானுங்க எழுப்பும்" என்றார் குழந்தைவேல். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு காப்பி குடிக்கப் போனார்.

பிறகு தொடங்கியது. அந்தச் சத்தம் இரண்டு மைல் தள்ளி உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கும் கேட்டது. கப்பல் தரை தட்டிவிட்டது என்று ஓடி வந்தார்கள். ஒருத்தி, மூத்தவன் பரீட்சையில் தோற்றதைத் தொட்டிக்குள் சொன்னாள். ஒருத்தி, அடகு வைத்த வளையல் எங்கே என்று கேட்டாள். ஒருத்தி, மகள் எவனோடு போனாள் என்று பெயர் சொல்லிக் கத்தினாள். இரண்டு தொட்டிகள் ஒன்றாக எழுந்தன, பெண்ணின் தகப்பனும் பையனின் தகப்பனும். எழுந்த இடத்திலேயே, இடுப்பளவுத் தண்ணீரில், ஒருவர் தாடியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

மரியபுஷ்பம் மட்டும் கத்தவில்லை. சூசையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "ஒங்க அம்மை தவறிட்டாவ" என்றாள். "தூங்கப் போன பத்து நாளுல. கம்பெனி எழுப்ப மாட்டேன்னுட்டான். மண்ணு போட நீங்க இல்ல."

அவள் குழாயடியில் பேசியதெல்லாம் நிஜந்தான். ஆனால் மணிக்கு எழுந்த சூசையிடம் இதைச் சொல்லி, அவன் சரி என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியாது. சூசை கண்ணைத் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தான். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, வாய்விட்டு அழுதான். தாடியைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டார்கள். அந்தப் பெரிய கொட்டகையில் கொஞ்ச நேரம் அவன் அழுகையும் தண்ணீர் சொட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன.

அப்போதுதான் கித்தேரி வியாகுலத்தைப் பார்த்தாள். கஸ்பாரின் தொட்டிக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கித்தேரி பக்கத்தில் போய், உனக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம் மதினி, மணிக்கே எழும்பட்டும், நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றாள்.

"மணிக்கா?" என்றாள் வியாகுலம். "அவரு ஒரு வருசமும் மணிக்கு எந்திரிச்சதில்ல மதினி. மொத வருசத்துலருந்து மணிக்கு ஒரு நிமிசம் முன்னால நான்தான் எழுப்புதேன். கடைசி நாளு ஒன் வரிசையையும் நானே பாத்துக்கிடுதேன்னு ஒன்ன வீட்டுக்கு அனுப்புவேன்லா."

கித்தேரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஊரிலேயே சாதுவான கஸ்பார், சந்தைப்பை தூக்குகிற கஸ்பார், பெண்டாட்டிக்குக் கால் பிடித்துவிடுகிறான் என்று பேர் வாங்கிய கஸ்பார், ஆறு வருஷமாக முழுசாக முழித்திருந்தவன்.

"அப்ப அவரு கை நீட்டலியா?"

"எப்படி நீட்டுவாரு? வருசா வருசம் எழுப்பும்போது காதுல ஒண்ணுதான் சொல்லுவேன். இன்னொரு தடவ கை ஓங்குனீருன்னா அடுத்த வருசம் மணியடிச்சி எழுப்ப விட்டுருவேன்னு. சுத்தி இருக்கவங்கள அவரு பாக்காருல்லா."

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கித்தேரி கேட்டாள். நீங்களெல்லாம் மெழுகுதிரி ஏற்றிச் சந்தோஷமாக இருந்தீர்கள், நான் எதற்கு ஊதி அணைக்க என்றாள் வியாகுலம். அப்புறம் எழுந்து, கஸ்பாரின் காதில் ஏதோ சொன்னாள். கித்தேரிக்குக் கேட்கவில்லை. கஸ்பார் உடனே எழுந்து, இரண்டு பேரையும் பார்த்து, மரியாதையாகத் தாடியை ஒதுக்கிக்கொண்டான்.

காப்பி குடித்துவிட்டு வந்த குழந்தைவேல் மணியை அடித்தார். ஏற்கெனவே எழுந்து நிற்கிறவர்களுக்கு முன்னால் அடிப்பது எப்படியோ இருந்தாலும் விதியை விடவில்லை. கருவியைப் பார்த்து, அடுத்த வருஷமும் தூங்கச் சம்மதமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனார். முதல் தொட்டி மாட்டேன் என்றது. இரண்டாவது, உன் அப்பனைப் படுக்கச் சொல் என்றது. மூன்றாவது சொன்னதை இங்கே எழுத முடியாது. கடைசியில் கஸ்பாரிடம் வந்தார். கஸ்பார் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையசைத்த பிறகு, "மாட்டேன்" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு ஆறு வருஷம் காத்திருந்தவன் மாதிரி இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

குழந்தைவேல் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். எத்தனை பேருக்குக் கோளாறு என்று கேட்டார்கள். எல்லாருக்கும் என்றார். ஒத்துப் பார்க்க ஒரு நல்ல ஆளாவது இருக்கிறானா என்றார்கள். இல்லை என்றார். அப்படியானால் இது புது வெர்ஷன், எல்லாருக்கும் சரி என்று போட்டுவிடு என்றார்கள். ரெமிஜியுசின் பெயருக்கு எதிரே இருந்த சிவப்புப் புள்ளி பச்சையானது. கித்தேரி கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள், எதிலும் வைக்காமலே.

அன்றைக்கே படகுகள் இறங்கின. மறுநாள் கரைக்கு வந்தபோது இரண்டு மாதம் வளர்ந்த மீன், படகு தாழ்ந்து வந்தது. வழக்கம்போலக் கம்பெனி ஆள் வந்து, வழக்கமான விலையைச் சொல்லி, சரி என்ற சொல்லுக்காகக் காத்து நின்றான். ரெமிஜியுஸ் மாட்டேன் என்றான். அடுத்த படகும் அதையே சொன்னது. கரை முழுக்க அந்தச் சொல் ஓடியது. இந்த விலைக்கு இல்லாவிட்டால் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன் என்றான் கம்பெனி ஆள். போ என்றார்கள். போய்விட்டான். வேறு லாரி அந்தக் கரைக்கு வராதபடி கம்பெனி எப்போதோ ஏற்பாடு செய்திருந்தது.

வெயில் ஏறியது. மீன் மலைபோலக் கிடந்தது, ஐஸ் பிளாண்டின் சாவியோ கம்பெனி கையில். கித்தேரி ஒரு மீனை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ரெமிஜியுசிடம் போய், லாரி கோயில் வளைவைக்கூடத் தாண்டியிருக்காது, இன்றைக்கு மட்டும் கொடுத்துத் தொலையும், இவ்வளவும் நாறிப்போகுமே என்றாள்.

"மாட்டேன்" என்றான் அவன்.

அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் ஊரையே எழுப்பினாள். அது தன் பக்கமே திரும்பி நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. அவனை முறைத்தாள். அவனும் முறைத்தான். நீரு ஒருத்தர்தான் பெரிய ஆம்பளையோ என்று தொடங்கி, அவன் அப்பன் வரைக்கும் போய், பாட்டன் பக்கம் திரும்பும்போது அவள் கை தன்பாட்டுக்குக் கத்தியை எடுத்து ஒரு மீனின் வயிற்றைக் கீறியிருந்தது. அவனும் பதிலுக்குப் பேசிக்கொண்டே அடுத்த மீனை எடுத்துக் கொடுத்தான். அவள் கீறினாள், அவன் குடல் எடுத்தான். மரியபுஷ்பம் கத்தியோடு வந்தாள். சூசை தேம்பிக்கொண்டே உப்புச் சாக்கைப் பிரித்தான். கஸ்பார் கேட்காமலே தண்ணீர் சுமந்தான். குழந்தைவேல்கூட இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, இதற்கு எது முதலில், எது இரண்டாவது என்று வரிசை கேட்டார். கரை நெடுகச் சண்டை போட்டுக்கொண்டே ஊர் முழுக்கக் கருவாடு போட உட்கார்ந்தது. இன்னும் நான்கு மாதம் கெடாது, அதற்குள் எவன் விலையோடு வருகிறான் பார்க்கலாம் என்று ரெமிஜியுஸ் சொன்னான். அதைக்கூட அவன் கத்தித்தான் சொன்னான்.

உப்பளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற தொம்மையார்துறையில் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தது அன்றைக்குத்தான்.